போருக்கு முந்திய வீடு, நான்கு கோழிகள்: எதை முதலில் செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சிங்கப்பூரின் ஜூ சியாட் பக்கம், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய ஒற்றைமாடித் தொடர்வீடு ஒன்று கணவரின் பெரியப்பா வழியாக உங்களுக்கு வந்திருக்கிறது. இத்தனை நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் தரைக்கு வருகிறீர்கள். பின்னால் 20 அடிக்கு 15 அடி மண் தரை இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து உங்களோடு இருக்கும் மாமியாருக்கு அங்கே நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. ஒப்பந்தக்காரரோ சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, நடு முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்கிறார். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டைக் காயவையுங்கள். அடுத்து மண்ணைப் பாருங்கள். கோழி அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் கோழிக்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். பகலில் வெயில் 32, 33 டிகிரிக்குப் போகும். பழைய வீடு கெடுவதும் கோழி நோய்வாய்ப்படுவதும் பெரும்பாலும் தேங்கிய ஈரத்தால்தான். அதனால் இரண்டையும் ஒரே வேலையாகவே நினைத்துச் செய்யலாம்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். போருக்கு முந்திய நம் ஊர் வீடுகள் பலவற்றில் செங்கல் மென்மையானது, பூச்சு சுண்ணாம்பு. தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போகும். அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூசினால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்பாகப் பூக்கும். கொஞ்ச காலத்தில் சிமெண்ட் பூச்சே பாளம் பாளமாகக் கழன்று வரும், வரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே ஒப்பந்தக்காரர் சொல்வதற்கு இப்போது தலையாட்டாதீர்கள். முதலில் விரல் மூட்டால் சுவரைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்று ஓசை வருகிற இடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் மறுபடி பூசச் சொல்லுங்கள். மேலே அடிக்கும் வண்ணமும் ஈரத்தை வெளியே விடுகிற வகையாக இருக்க வேண்டும். ரப்பர் போல இழுபடும் நீர்த்தடுப்புப் பெயிண்ட் இந்தச் சுவருக்கு ஆகாது.

பூச்சுக்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பலத்த மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தாழ்வாரத்தில் தண்ணீர் எங்கே தப்புகிறது, எந்த ஓடு நகர்ந்திருக்கிறது, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் மழையே காட்டிக்கொடுத்துவிடும். பல ஆண்டுகளாக மண்ணும் கான்கிரீட்டும் மேலே மேலே போட்டுப் பின்தரையை உயர்த்தியிருப்பார்கள். அதைச் சுவரோரம் ஒரு முழ அகலத்துக்காவது இறக்கினாலே பாதி ஈரம் குறைந்துவிடும். காசு அதிகம் செலவாகாத வேலை இது. ஆனால் ஒப்பந்தக்காரர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவருக்கு அவர்கள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. சிப்பி சுட்ட சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழம்பாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்து பூசினார்கள். காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் பக்கத்துக் கொத்தர்களின் கைப்பக்குவம் அது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களும் இதே வழியில் வந்தவைதான். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும் போதெல்லாம், பெயர் தெரியாத எத்தனையோ பேர் உட்கார்ந்து முட்டை உடைத்து அடித்திருப்பார்களே என்று எனக்கு நெஞ்சு கனக்கும். உங்கள் வீட்டுச் சுவருக்கு முட்டை தேவையில்லை. ஆனால் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் தேவை. கோயில் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதிகளோடு வேலை செய்தவர்களைத் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் விசாரியுங்கள். கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் நிறுவனங்களிலும் கேட்கலாம்.

முற்றத்தைக் கண்ணாடியால் மூட வேண்டாம். தொடர்வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர், சன்னல் வைக்க வழியில்லை. முன்வாசலில் நுழையும் காற்று முற்றத்தின் வழியாகத்தான் மேலே போகிறது. அதை மூடிவிட்டால் நடுவறை புழுங்கும், சுவர் காயாது, பிறகு நாள் முழுக்க ஏர்கான் ஓட வேண்டியதுதான். மழைச் சாரல்தான் கவலையென்றால், முற்றத்துக்கு மேலே நான்கு பக்கமும் இடைவெளி விட்டு உயர்த்திய கூரை ஒன்றைப் போடலாம், காற்று பக்கவாட்டில் போய்விடும். முன்கதவுக்கு வெளியே மரத்தாலான அரைக்கதவு இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். பெருங்கதவைத் திறந்துவைத்து, அரைக்கதவை மட்டும் சாத்தினால் காற்றும் வரும், தெருவிலிருந்து பார்வையும் படாது. உங்கள் மாமியார் காலையில் கதவைத் திறந்து கோலம் போட்டுவிட்டு அந்த வாசலிலேயே உட்காரத்தான் போகிறார்.

இதில் எதையும் தொடுவதற்கு முன்னால், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் பாருங்கள். தீவு முழுதும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஜூ சியாட்டில் நிறைய. உங்கள் வீடும் இருந்தால் முகப்பு, ஓடு, சன்னல், முற்றம் எதற்கும் அனுமதி வாங்கித்தான் கைவைக்க வேண்டும். கட்டுப்பாடு அதிகம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இருப்பதை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொள், புதுப்பிப்பதை நிதானமாகச் செய், பழுதைக் கவனமாகப் பார் என்பதுதான் ஆணையத்தின் கொள்கை. சட்டம் கேட்காவிட்டாலும் பழைய வீட்டை நேசிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மரத்தையும் பார்த்துவிடுங்கள். உத்தரமும் சன்னல் சட்டமும் செங்கால் என்ற கெட்டி மரமாக இருந்தால் அதிர்ஷ்டம், இன்றைக்கு அந்தத் தரத்தில் வாங்கப் போனால் மலைத்துப்போவீர்கள். ஆனால் பழைய வீடுகளில் நல்ல மரத்தோடு மெராந்தி மாதிரி இளமரத்தையும் கலந்து போட்டிருப்பார்கள், கறையான் அதைத்தான் தேடிப்போகும். டார்ச் விளக்கோடு சுவரோரம், கதவு நிலை, மாடத்தின் மூலை என்று பாருங்கள். பென்சில் அகலத்தில் மண் கோடு தெரிந்தால் அது கறையானின் பாதை. கோடு இல்லாத இடத்தில் திருப்புளியின் பிடியால் மரத்தைத் தட்டுங்கள். உள்ளே சாப்பிட்டு முடித்த மரம் காகிதம் போலச் சத்தம் போடும்.

இங்கே உங்கள் மாமியாரிடம் ஒன்றைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஊரில் கோழிக்குஞ்சுக்குத் தீனியாக, பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்துத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைப்பார்கள். ஓரிரு நாளில் கறையான் திரண்டிருக்கும், குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து கொத்தும். அருமையான புரதம், செலவும் கிடையாது. ஆனால் மர உத்தரம் தாங்கும் தொடர்வீட்டுப் பின்புறத்தில் இதைச் செய்யவே கூடாது. கறையானை நாமே விருந்துக்குக் கூப்பிட்டால் அது உங்கள் வீட்டோடு நிற்காது, பொதுச்சுவர் வழியாக இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போகும். கோழித்தீனிக்காக அசோலா என்ற நீர்ப்பாசி வளர்ப்பதையும் இப்போது எல்லாரும் காணொளியில் காட்டுகிறார்கள். அது தேங்கிய தண்ணீர்த் தொட்டி. டெங்கிக் காய்ச்சல் ஆண்டு முழுதும் இருக்கும் ஊரில், தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வாசலில் வந்து நிற்கும் ஊரில், அது வேண்டாம்.

அடுத்தது மண். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை, ஆனால் கோழி வளர்க்கும் பழைய வீட்டுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் இருந்தது. பல பத்தாண்டுகளாகச் சன்னலும் கதவும் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்ததில் அந்தத் தூள் எங்கே போயிருக்கும்? சுவரோர மண்ணில்தான். ஈயம் மண்ணில் கரைந்து காணாமல் போகிற பொருள் அல்ல. கோழி நாளெல்லாம் மண்ணைக் கிளறிக் கொத்தும், அந்த ஈயம் முட்டைக்கு வரும், முட்டை உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். வளரும் பிள்ளைகளின் மூளையை ஈயம் பாதிக்கும். அதனால் பின்புறத்தில் மூன்று நான்கு இடங்களில் மேல்மண் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். சுவரோரத்தில் ஒரு மாதிரி கட்டாயம் எடுங்கள். அளவு அதிகமென்று வந்தால் கோழியை அந்த மண்ணில் விடாதீர்கள். கான்கிரீட் தளத்தின்மேல் மரச்சீவலும் உமியும் போட்டு அதிலேயே வளர்க்கலாம், அல்லது மேல்மண்ணை எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டலாம். வீட்டுப் பெயிண்டைச் சுரண்டும் வேலை பாக்கியிருந்தால் அது முழுக்க முடிந்து, கழுவிக் கூட்டியபிறகுதான் கோழி வர வேண்டும். சுரண்டும்போது உலர்வாகத் தேய்க்கவிடாதீர்கள், ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அந்தச் சமயத்தில் வீட்டில் இருக்கக் கூடாது.

பின்கட்டுச் சமையலறைக்குமேல் நெளிவுத் தகடு போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். துத்தநாகத் தகரமா, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடா என்று தெரிந்தவரை விட்டுப் பாருங்கள். கல்நார்க் கட்டுமானப் பொருள்களுக்கு இங்கே 1980களின் முடிவில் தடை வந்தது, அதற்கு முன் போட்ட ஒட்டுக்கூரைகளில் இன்னும் இருக்கலாம். உடையாமல் சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஆனால் கோழிக்கூண்டை அதில் மாட்டலாம் என்று துளை போட்டால் நார்த்தூள் பறக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. எடுப்பதானால் அதற்கென்று அனுமதி பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது கோழி.

வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதியில்லை. உங்களைப் போல் தனியார் தரைவீட்டில் இருப்பவர்கள், விற்பனைக்கு இல்லாமல், 10 பறவை வரை வளர்க்கலாம். காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாத, கூரையும் வலையும் உள்ள கூண்டுக்குள்தான் வைக்க வேண்டும். 2004இல் பக்கத்து மலேசியாவின் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். காக்கையும் புறாவும் கோழித்தீனியில் வாய்வைத்து எச்சமிட்டால் நோய் தாவும் என்பதுதான் கூண்டு விதிக்குக் காரணம். ஆகவே முற்றத்தில் திறந்துவிட்டு, சாயங்காலம் பஞ்சாரத்தில் கவிழ்க்கும் ஊர்ப் பழக்கம் இங்கே நடக்காது. வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவில் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 வரை அனுமதி என்றாலும் உங்கள் இடத்துக்கு நான்கு பெட்டை போதும் என்பேன். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு மட்டும்தான் பொரிக்காது. தொடர்வீட்டில் விடியற்காலை நான்கு மணிக் கூவலைப் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? 2017இன் தொடக்கத்தில் சின் மிங் பகுதியில் சுற்றித் திரிந்த 24 கோழிகள், சத்தம் பற்றிய புகார்களுக்குப் பிறகு கொல்லப்பட்டன. ஊரே வருத்தப்பட்டது, நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன, ஆனால் போன உயிர் போனதுதான். கூண்டு கட்டும் முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முதல் முட்டைகளை அவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்) அம்மா அப்படித்தான் செய்வார். மலாய்க்கார மக்சிக்கும் (அத்தைக்கும்) எதிர்வீட்டு ஆச்சிக்கும் போனபிறகுதான் எங்கள் வீட்டில் முட்டை வேகும்.

தெருவில் திரிகிற கோழியைப் பிடித்து வளர்க்கலாமே என்று மாமியார் கேட்கக்கூடும். ஊரில் பார்ப்பவை போலவே தெரியும், ஆனால் அவற்றில் காட்டுக்கோழியும் உண்டு. சாம்பல் நிறக் கால், காதோரம் வெள்ளைத் திட்டு, சேவலின் வாலடியில் வெள்ளைக் கொத்து இருந்தால் பெரும்பாலும் அதுதான். உலகத்தில் உள்ள வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் பாட்டன் பாட்டி அந்த இனம், இந்தத் தீவின் மண்ணுக்குச் சொந்தமானது. வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், தீனி போடுவதும் குற்றம். ஜொகூரிலிருந்து காரில் இரண்டு கோழி கொண்டுவரலாம் என்றும் யாராவது சொல்வார்கள். இறக்குமதி அனுமதி இல்லாமல் உயிர்ப்பறவையைப் பாலம் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. இங்கேயே முறையாக விற்பவரிடம் வாங்குங்கள். குஞ்சாக வாங்காமல் நான்கு மாதம் தாண்டிய விடைக்கோழியாக வாங்கினால் சூடுகாட்டி வளர்க்கும் பாடு இல்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கூண்டுக்கு நான் பரிந்துரைப்பது மலாய்க் கம்பத்து வீட்டின் அமைப்பு. அந்த வீடு காலில் நிற்கும், தரைக்கும் வீட்டுக்கும் இடையே காற்று ஓடும், கூரை இறக்கம் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும், சூடு வெளியேறக் கூரையடியில் இடைவெளி இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இந்தத் தீவுக்காக எத்தனையோ தலைமுறை பார்த்துப் பார்த்துச் செய்த வடிவம் அது. கோழி படுக்கும் அறை 6 அடிக்கு 4 அடி, தரையிலிருந்து 2 அடி உயரத்தில். அதையொட்டி நடமாட 10 அடிக்கு 6 அடி வலையடைப்பு, மேலேயும் கூரை. நான்கு கோழிக்கு இது தாராளம். கூரையை இரண்டு அடியாவது வெளியே நீட்டுங்கள். மேற்குப் பக்கத்தின் கீழ்ப்பாதியைப் பலகை வைத்து அடையுங்கள், ஏனென்றால் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் மழையை வாரியடிக்கும். டிசம்பர், சனவரி மழைக்கு வடகிழக்குப் பக்கத்தில் சுருட்டித் தொங்கவிடும் மூங்கில் தட்டி ஒன்று போதும். மேல்பாதி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்தும் இறக்கையை விரித்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்குக் காற்று வேண்டும்.

வலை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பியைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது. நம் ஊரில் நகரத்துச் சாக்கடையிலேயே மலைப்பாம்பு இருக்கிறது. இரவில் வந்து ஒரு கோழியை விழுங்கிவிட்டு, வயிறு உப்பியதால் வந்த வழியே போக முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். எலி, உடும்பு, மரநாய் எல்லாமும் உண்டு. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த, துருப்பிடிக்காத கம்பி வலைதான் வேண்டும். அதைத் தரைக்குக் கீழே ஓர் அடி புதைத்து வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். கூண்டைப் பொதுச்சுவரில் சாத்தாமல் இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள், சுவரும் காயும், பின்னால் போய்க் கறையான் பார்க்கவும் வழியிருக்கும். எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டுக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, காலைச் சுற்றிக் கிரீஸ் தடவுங்கள், கொசு முட்டையிட இடமிருக்காது.

உள்தரையில் நான்கு அங்குலத்துக்கு ஆழ்கூளம் போடுங்கள். மரச்சீவலும் உமியும் கலந்தது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், காய்ந்ததைச் சேர்க்க வேண்டும். மூக்கில் சுரீரென்று அமோனியா ஏறினால் தாமதமாகிவிட்டது என்று பொருள், கோழிக்குச் சளி பிடிக்க அதுவே போதும். ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சலும் வளரும், இளங்கோழிகளை அது இரண்டே நாளில் சாய்த்துவிடும். கோழி அம்மை நோயைக் கொசு பரப்புகிறது, அதற்காகவும் குடிதண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மூலையில் ஓர் அகலத் தொட்டியில் மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள், அதில் புரண்டு பேனை உதறிக்கொள்ளும். மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி என்று மாமியார் உருண்டை பிடித்துக் கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் தடுப்பூசியின் இடத்தை அது பிடிக்காது. கோழி திடீரென்று செத்தாலோ, அடுத்தடுத்து இரண்டு சுருண்டாலோ கைவைத்தியம் பார்க்காமல் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்குத் தகவல் சொல்லுங்கள்.

தீனிக்கு முட்டைக்கோழித் தீவனமே அடிப்படை. ஒரு கோழி நாளுக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தின்னும். நம் ஈரக் காற்றில் தீவனம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைத் தீனி கோழியின் ஈரலைக் கெடுக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிவைக்காதீர்கள். மூடியுள்ள தகர டின்னில் வைத்தால் எலியும் வராது. மிச்சச் சோறு கொஞ்சம் போடலாம், ஊறுகாயும் உப்பும் கலந்தது கூடாது, அவகாடோ கூடவே கூடாது. முருங்கைக்கீரை, பசலை, பப்பாளி எதுவும் ஆகும். கீரை தின்னும் கோழியின் மஞ்சள்கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் வரும். முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், சுண்ணாம்புச் சத்து வேண்டியபோது தானே கொத்திக்கொள்ளும்.

முட்டை எத்தனை கிடைக்கும் என்று கேட்டீர்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 வரைதான் இடும். ஒரு சுற்று இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், எழுப்பினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். நான்கு கோழிக்கு நாளுக்கு ஒன்றுகூட முழுதாக வராது. பண்ணை இனங்கள் ஆண்டுக்கு 300 வரை இடும், ஆனால் வெயில் தாங்குவதிலும் நோய் தாங்குவதிலும் நாட்டுக்கோழிதான் மேல். இரண்டு நாட்டுக்கோழியும் இரண்டு பண்ணை இனமும் என்று கலந்து வைத்தால் மாமியாருக்கும் திருப்தி, பிள்ளைகளுக்கும் காலையில் முட்டை இருக்கும். 2022 சூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது வீட்டில் கோழி வளர்த்தால் நல்லது என்று பலர் பேசினார்கள். நான்கு கோழியால் ஒரு குடும்பத்தின் தேவை தீராது, கணக்குப் போட்டால் கடை முட்டைதான் மலிவு. கோழி வளர்ப்பதற்கான காரணம் வேறு. உங்கள் பிள்ளைகள் முட்டையை அட்டைப்பெட்டியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். கூட்டுக்குள் கையைவிட்டு, இன்னும் சூடு ஆறாத முட்டையை எடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், அதற்கு விலை போட முடியாது. எடுத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இதைப் பழக்கமாக்கிவிடுங்கள்.

கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும். காய்ந்த இலையோடு சேர்த்துக் குவித்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் மேட்டுப்பாங்கான இடத்தில் வையுங்கள், தண்ணீர் நின்றால் இரண்டும் அழுகும். முருங்கையைத் தோள் உயரத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால் கீரைக்குக் குறையிருக்காது, பக்கத்து வீட்டுக் கூரைமேலும் விழாது. வத்தலும் வடகமும் போட பிப்ரவரிதான் நல்ல மாதம், மழை குறைந்து காற்றோடு வெயில் அடிக்கும். பொங்கல் சமயத்தில் அடைமழையாக இருக்கும், மாமியார் ஊர் நினைப்பில் அப்போது மாவைக் கிண்டிவிடப் போகிறார், முன்பே சொல்லிவையுங்கள்.

கால வரிசையாகச் சொன்னால், மழைக்காலத்தில் ஒழுகல் பார்த்து வடிகாலைச் சரிசெய்யுங்கள். பிப்ரவரி வெயிலில் சுவர் காயட்டும், அதன்பிறகு பூச்சு, வண்ணம். மண் சோதனையும் பெயிண்ட் சுரண்டலும் முடிந்தபின் கூண்டு. கூண்டைக் கட்டி ஒரு பெருமழையில் உள்ளே நனைகிறதா என்று பார்த்துவிட்டுக் கோழி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு பட்டுக்கோட்டைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள்களில் காலையில் திறந்து தண்ணீர் மாற்றி, இரவில் தாழ்ப்பாள் போட்டு, முட்டையை எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அது யார் என்று கோழி வாங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது, முட்டை அவருக்கே.